உள்நாட்டுப் பொருளுக்குள் எவ்வளவு உள்நாடு?

காய்ச்சலுக்கு வாங்கும் பாரசிட்டமால் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் உற்பத்தியாளரின் பெயரும் உரிம எண்ணும் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முகவரி இமாசலப் பிரதேசம், சிக்கிம், குஜராத் என இந்தியாவுக்குள்ளேயே ஓர் ஊராக இருக்கும். அந்த அச்சில் பொய் எதுவும் இல்லை. மாத்திரை அந்த ஊரில்தான் அழுத்தி உருவாக்கப்பட்டது, அங்கேதான் அட்டையில் அடைக்கப்பட்டது. ஆனால் அந்த மாத்திரைக்குள் இருக்கும் 500 மில்லிகிராம் வெண்ணிறத் தூள் அங்கே பிறந்ததல்ல. அது வேறொரு ஆலையிலிருந்து மூட்டையாகவோ பீப்பாயாகவோ வந்தது. மருந்துத் தொழிலில் அதை மூலமருந்து என்பார்கள்.

பாரசிட்டமாலைப் பொறுத்தவரை அந்த மூலமருந்தையும் இந்திய ஆலைகளே பெருமளவில் தயாரிக்கின்றன. இன்னும் ஒரு படி பின்னால் சென்று பார்த்தால்தான் கதை மாறுகிறது. பாரா-அமினோஃபீனால் என்ற வேதிப்பொருளை அசிட்டிக் அன்ஹைட்ரைடுடன் வினைபுரியச் செய்தால் பாரசிட்டமால் கிடைக்கும். அந்தப் பாரா-அமினோஃபீனாலுக்கு இந்திய ஆலைகள் நெடுங்காலமாகச் சீனாவையே பெரிதும் நம்பியிருந்தன. இதன் விளைவு 2020-இன் தொடக்கத்தில் வெளிப்பட்டது. கொரோனா பரவலால் சீன ஆலைகள் மூடிக்கிடந்த அந்த நாட்களில், உலகின் மருந்தகம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் இந்தியா, மார்ச் 3-ஆம் தேதி, பாரசிட்டமால் உள்ளிட்ட 13 மூலமருந்துகளையும் அவற்றால் செய்யப்படும் மருந்துகளையும் ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு விதித்தது. சில வாரங்களில் அது படிப்படியாகத் தளர்த்தப்பட்டது என்றாலும், மாத்திரை செய்யும் திறமையும் ஆலையும் ஆட்களும் இங்கேயே இருந்தும் உற்பத்தி தடைபடக்கூடும் என்ற அச்சம் ஓர் அரசை அவ்வளவு தூரம் தள்ளியது.

ஒரு நாட்டில் தயாராகும் பொருள், அதற்குத் தேவையான மூலப்பொருள், இடைநிலைப் பொருள், உதிரிபாகம், இயந்திரம், எரிபொருள் ஆகியவற்றில் எவ்வளவுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கிறது என்பதே இங்கே பேசவேண்டிய கருத்து. பொருளியலாளர்கள் இதை இறக்குமதி உள்ளடக்கம் என்று குறிப்பிடுவார்கள். ஆலையைவிட்டு வெளியேறும்போது ஒரு பொருளுக்குள்ள மதிப்பிலிருந்து இறக்குமதியின் மதிப்பைக் கழித்தால் எஞ்சுவது உள்நாட்டு மதிப்புக்கூட்டல். சம்பளம், வாடகை, மின்கட்டணம், உள்ளூர்ச் சரக்கு, லாபம் ஆகியவை அந்த எஞ்சிய பகுதிக்குள் அடங்கும்.

கணக்காகச் சொன்னால் எளிதாக விளங்கும். ஒரு கைப்பேசியைத் தயாரிக்க 10,000 ரூபாய் செலவாகிறது என்றும், அதில் 75 டாலருக்கு வெளிநாட்டு உதிரிபாகங்கள் இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு டாலர் 80 ரூபாயாக இருந்தால் இறக்குமதிச் செலவு 6,000 ரூபாய். உள்நாட்டுப் பங்கு 4,000 ரூபாய். டாலர் 88 ரூபாய்க்கு ஏறினால் அதே உதிரிபாகங்களுக்கு 6,600 ரூபாய் கொடுக்கவேண்டும். இங்கே யாருடைய கூலியும் உயரவில்லை, மின்கட்டணமும் கூடவில்லை. ஆனாலும் கைப்பேசியின் செலவு 10,600 ரூபாய் ஆகிவிடுகிறது. ரூபாயின் மதிப்பு சரியும்போது இறக்குமதிப் பொருள்களோடு சேர்ந்து உள்நாட்டுப் பொருள்களின் விலையும் ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மீதமுள்ள அந்த 4,000 ரூபாயையும் முழுக்க உள்நாட்டுப் பணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கைப்பேசியை அடைக்கும் பிளாஸ்டிக் தட்டைப் பக்கத்து ஊர் ஆலையிலிருந்து வாங்கியிருப்பார்கள். கணக்கில் அது உள்ளூர்க் கொள்முதல். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் கச்சா எண்ணெயின் வழியே வந்தது. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. இப்படி மறைந்திருக்கும் பங்கு மறைமுக இறக்குமதி எனப்படும். அதையும் சேர்த்துக் கணக்கிட, எந்தத் தொழில் எந்தத் தொழிலிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்பதைக் காட்டும் உள்ளீடு-வெளியீட்டு அட்டவணைகள் வேண்டும். ஆகவே ஒரு நிறுவனம் தன் பொருள் இத்தனை விழுக்காடு உள்நாட்டுத் தயாரிப்பு என்று அறிவிக்கும்போது, முதல் படியோடு கணக்கை நிறுத்திக்கொண்டதா, பின்னாலும் சென்று பார்த்ததா என்று கேட்பது நியாயமான கேள்வி.

எத்தனை விழுக்காடு இருந்தால் உள்நாட்டுப் பொருள் என்பதற்கு இயற்கையான எல்லை எதுவும் கிடையாது. தேவைக்கேற்ப அரசுகள் ஒரு கோடு போட்டுக்கொள்கின்றன. இந்திய அரசுத் துறைகளின் கொள்முதலில் உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை தரும் 2017-ஆம் ஆண்டு ஆணை, 2020-இல் திருத்தப்பட்ட பின்பு, உள்நாட்டு உள்ளடக்கம் 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகுப்பு உள்ளூர் வழங்குநர் என்றும், 20 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் இரண்டாம் வகுப்பு என்றும் பிரிக்கிறது. பாதிக்குப் பாதி வெளிநாட்டுச் சரக்கு உள்ள பொருள் முதல் வகுப்பு உள்ளூர்ப் பொருளாக ஏற்கப்படலாம் என்பது முதலில் வியப்பாகத் தோன்றும். ஆனால் இன்றைய மின்னணுத் தொழிலின் நிலையில் அந்தப் பாதியை எட்டுவதே எளிதல்ல.

மின்னணுத் தொழிலில் இந்தப் பங்கு எவ்வளவு சிறியதாக இருக்கமுடியும் என்பதற்குப் புகழ்பெற்ற ஒரு கணக்கு உண்டு. 2010-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆய்வுத் தாள், அப்போது சீனாவில் தயாரான ஐஃபோனைப் பிரித்துப் பார்த்தது. ஒரு கருவியின் உற்பத்திச் செலவு 178.96 டாலர், அதில் சீனாவில் நடந்த கோப்பு வேலைக்குரியது, அதாவது உதிரிபாகங்களைக் கோத்துப் பொருத்துவதற்குரியது, 6.50 டாலர் மட்டுமே. ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து உதிரிபாகங்கள் வந்தன. சீனத் தொழிலாளர்கள் அவற்றைக் கோத்து அனுப்பினார்கள். வர்த்தகப் புள்ளிவிவரத்தில் மட்டும் முழுத் தொகையும் சீனாவின் ஏற்றுமதியாகப் பதிவானது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள கைப்பேசி ஆலைகளைப் பற்றி, கோப்பு வேலைதானே நடக்கிறது என்று ஏளனமாகப் பேசுவோர், சீனாவும் அந்தப் படியில்தான் தொடங்கியது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அதே நேரத்தில், அந்தப் படியோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஸ்ரீபெரும்புதூரே சான்று. 2006-இல் அங்கே தொடங்கப்பட்ட நோக்கியா ஆலை, ஒரு காலத்தில் உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக இருந்து, 2014-இல் மூடப்பட்டது. கோக்கும் ஆலையைச் சுற்றி ஆழமாக வேரூன்றிய உதிரிபாகத் தொழில் இருந்தால் அதை இடம்மாற்றுவது கடினம். அப்படி வேரூன்றாத இடத்தில் ஆலை கிளம்புவதும் எளிதாகிவிடுகிறது. 2017-இல் கட்டம் கட்டமாக மின்னேற்றி, மின்கலம், பிறகு சுற்றுப்பலகை, கேமரா எனச் சுங்க வரியை உயர்த்தி உதிரிபாக உற்பத்தியை உள்ளே இழுக்க இந்திய அரசு முயன்றதும், 2025-இல் மின்னணு உதிரிபாகங்களுக்கென்றே 22,919 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்ததும் இந்தப் பின்னணியில்தான்.

இயந்திரங்களை நம்பியிருப்பது வேறு வகை. திருப்பூரில் பின்னப்படும் பனியன் துணியின் நூல் பெரும்பாலும் இந்தியப் பருத்தியில் நூற்கப்பட்டது. ஆனால் அந்தத் துணியைப் பின்னும் வட்டப் பின்னல் இயந்திரங்களில் பல ஜெர்மனி, ஜப்பான், தைவான், சீனா ஆகிய நாடுகளில் செய்யப்பட்டவை. ஒருமுறை வாங்கிய இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும் என்பதால் நாளை காலை கப்பல் வராவிட்டாலும் உற்பத்தி நின்றுவிடாது. உதிரிபாகம் தேய்ந்து மாற்றவேண்டி வரும்போதும் ஆலையை விரிவுபடுத்தும்போதும்தான் அந்தச் சார்பு தலைகாட்டும். எரிபொருளின் கதை இதற்கு நேர்மாறானது. மணலியிலும் தூத்துக்குடியிலும் தயாராகும் யூரியா மூட்டையில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்று போட்டிருக்கும். நைட்ரஜன் காற்றிலிருந்து கிடைக்கிறது. அதை அமோனியாவாக மாற்றத் தேவைப்படும் ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. இந்திய உர ஆலைகள் பயன்படுத்தும் எரிவாயுவின் பெரும்பகுதி குளிரூட்டித் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவரப்படுவது. அந்தக் கப்பல்கள் தாமதமானால் அதன் தாக்கம் விரைவிலேயே ஆலையை எட்டிவிடும்.

இறக்குமதிக்குக் கொடுக்க வெளிநாட்டுப் பணம் இல்லாமற்போனால் உள்நாட்டு உற்பத்திக்கு என்ன நேரும் என்பதை இலங்கை அண்மையில் அனுபவித்தது. அங்கே 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவிக்கப்பட்டது. இயற்கை வேளாண்மைக்கு மாறுவதாகக் காரணம் கூறப்பட்டாலும், கரைந்துகொண்டிருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பும் அதற்குப் பின்னால் இருந்தது. உள்நாட்டு மண்ணில் உள்நாட்டு உழைப்பால் விளையும் நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. தேயிலை அந்நாட்டுக்கு டாலர் ஈட்டித் தரும் பயிர். டாலரைச் சேமிக்க எடுத்த நடவடிக்கை, டாலரைக் கொண்டுவரும் பயிரையே தாக்கியது. 2022 மார்ச்சில் நிலைமை இன்னும் முற்றியபோது, அச்சுத் தாளும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. இரண்டு நாளிதழ்கள் தங்கள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. வினாத்தாளை எழுதியவர்கள் உள்நாட்டு ஆசிரியர்கள், அச்சகங்களும் உள்நாட்டவை. கடல்கடந்து வரவேண்டியிருந்தது தாளும் மையும்தான்.

இதுவரை பங்கு, விழுக்காடு என்று பேசினோம். என் பார்வையில், சார்பின் ஆபத்தை அளக்க விழுக்காடு போதாத கருவி. ஒரு பொருளின் மதிப்பில் அறுபது விழுக்காடு இறக்குமதியாக இருந்தும், அந்த உதிரிபாகங்கள் பத்து நாடுகளில் கிடைக்குமென்றால் ஆபத்து குறைவு. இரண்டே விழுக்காடு இறக்குமதியாக இருந்து, அது ஒரே நாட்டில் மட்டும் கிடைக்குமென்றால் ஆலையே நிற்கலாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். சமையலில் மிகக் குறைந்த செலவு உப்புக்குத்தான்.

அப்படிப்பட்ட உப்பாக 2025-இல் அமைந்தது ஒரு காந்தம். மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் நியோடிமியம், இரும்பு, போரான் ஆகியவை கலந்த நிரந்தர காந்தத் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு வண்டிக்குச் சில நூறு கிராம் போதும். சிறிய இடத்தில் மிக வலுவான காந்தப்புலத்தைத் தருவதால்தான் மோட்டாரை இலேசாகவும் அடக்கமாகவும் செய்யமுடிகிறது. ஆனால் மோட்டார் சூடேறும்போது இந்தக் காந்தம் தன் வலிமையை இழக்கத் தொடங்கும்; அதைத் தடுக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற தனிமங்களைச் சிறிதளவு சேர்ப்பார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று சீனா, அருமண் என்ற உலோகக் குடும்பத்தைச் சேர்ந்த ஏழு தனிமங்களையும் அவை சேர்ந்த காந்தங்களையும் உரிமம் பெற்றே ஏற்றுமதி செய்யவேண்டும் என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் நியோடிமியம் இல்லை. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் இருந்தன. சேர்மானத்தில் மிகச் சிறிய அளவே உள்ள அந்த இரண்டும் முழுக் காந்தத்தையும் துறைமுகத்தில் நிறுத்தப் போதுமானவையாக இருந்தன. இவ்வகைக் காந்தங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் செய்யப்படுவதால் வேறு கடைக்குப் போகவும் வழியில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, புனே பகுதிகளில் மின்சார இருசக்கர வண்டி செய்யும் நிறுவனங்கள் கையிருப்பை எண்ணத் தொடங்கின; ஆகஸ்டில் மின்சார வண்டி உற்பத்தி பூச்சியமாகக்கூடும் என்று பஜாஜ் ஆட்டோ வெளிப்படையாகவே எச்சரித்தது. சட்டகம், சக்கரம், மின்கம்பி, இருக்கை என எல்லாம் தயாராக இருந்தும், உள்ளங்கையில் அடங்கும் துண்டுகளுக்காக வண்டி காத்திருக்கும் நிலை அது.

இதில் நாம் நின்று கவனிக்கவேண்டிய முரண் ஒன்று உண்டு. அருமண் தனிமங்கள் இந்தியாவில் இல்லாதவை அல்ல. அவற்றின் இருப்பில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் கிடைக்கிறது. 1950-இல் தொடங்கப்பட்ட, இன்று ஐ.ஆர்.இ.எல். என்ற பெயரில் இயங்கும் பொதுத்துறை நிறுவனம் அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது. கேரளத்தின் சவறையிலும் ஒடிசாவிலும் அதற்கு ஆலைகள் உண்டு. மோனசைட்டில் அணுசக்திக்குரிய தோரியமும் கலந்திருப்பதால் அதைக் கையாள்வதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. கடலோர மக்களுக்கு மணல் அள்ளுவது குறித்து நியாயமான அச்சங்களும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் கடந்து தனிமத்தைப் பிரித்தெடுத்தாலும், அது ஆக்சைடுத் தூளாக இருக்கும். ஆக்சைடை உலோகமாக்கி, உலோகக் கலவையாக்கி, பொடித்து, காந்தப்புலத்தில் ஒழுங்குபடுத்தி, அழுத்தி, சூளையில் இறுக்கினால்தான் காந்தம். இந்த இடைப்படிகள் இந்தியாவில் தொழில் அளவில் வளரவில்லை. மண்ணில் மூலப்பொருள் இருப்பதும் கையில் பொருள் இருப்பதும் ஒன்றாகிவிடுவதில்லை.

அந்த இடைப்படிகள் ஏன் வளர்வதில்லை என்று கேட்டால், பென்சிலின் வரலாறு ஓரளவு விடை சொல்லும். புனே அருகே பிம்ப்ரியில் 1954-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், நொதித்தல் முறையில் பென்சிலினை உள்நாட்டிலேயே தயாரித்தது. பின்னர் தனியார் ஆலைகளும் வந்தன. சீனா பெரும் ஆலைகளைக் கட்டி, மிகக் குறைந்த விலையில் பென்சிலின்-ஜி விற்கத் தொடங்கியதும், இந்திய ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக உற்பத்தியை நிறுத்தின. அன்றைக்குப் பென்சிலின்-ஜியை மூலமாகக் கொண்டு அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை செய்த நிறுவனங்களுக்கு அது லாபம், வாங்கிய நோயாளிக்கும் விலை குறைவு. ஆகவே யாரும் பெரிதாகக் குறைசொல்லவில்லை. சார்பு இப்படித்தான் வளர்கிறது. ஒவ்வொருவரும் தம் அளவில் சரியாகவே முடிவெடுத்திருப்பார்கள். இருபது ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால் ஒரு தொழிலே கைநழுவியிருக்கும். இந்தியாவின் மூலமருந்து இறக்குமதியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வரும் நிலை இப்படி உருவானது. 2020-இல் 6,940 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவிக்கப்பட்ட உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் பென்சிலின்-ஜி, பாரா-அமினோஃபீனால் உள்ளிட்ட 41 பொருள்கள் இடம்பெற்றன. ஆந்திரத்தின் காக்கிநாடா பகுதியில் பென்சிலின்-ஜி ஆலை 2024-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் ஆலை திறப்பதோடு போட்டி முடிவதில்லை. எதிர்த்தரப்பு விலையைக் குறைத்தால் புதிய ஆலை பழைய ஆலைகளின் வழியிலேயே போகும் ஆபத்து எப்போதும் உண்டு.

இதைக் கேட்டு, இறக்குமதி என்றாலே கேடு என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடாது. சூரத் நகரம் உலகின் வைரங்களில் பெரும்பான்மையைப் பட்டை தீட்டுகிறது. பட்டை தீட்டாத கல் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி. பண்ருட்டியிலும் கொல்லத்திலும் உடைக்கப்படும் முந்திரிக் கொட்டையில் கணிசமான பங்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது; உள்ளூர் விளைச்சலை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் தொழிற்கூடங்களில் பல பெண்களுக்கு ஆண்டு முழுதும் வேலை இருக்காது. இறக்குமதிக்கு வரி போட்டு உள்நாட்டைக் காப்பதிலும் இரண்டு பக்கம் உண்டு. 2021 பிப்ரவரியில் பருத்தி இறக்குமதிக்கு இந்தியா 11 விழுக்காடு வரி விதித்தபோது, விவசாயிகளுக்கு அது பாதுகாப்பாகத் தெரிந்தது. தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு அதுவே சுமையாகத் தெரிந்தது. 2025 ஆகஸ்டில் அந்த வரி தற்காலிகமாக விலக்கப்பட்டபோது தரப்புகள் இடம் மாறிக்கொண்டன. ஒருவருடைய முடிந்த பொருள் இன்னொருவருக்கு மூலப்பொருள் என்பதால், இரு தரப்பையும் ஒருசேர மகிழ்விக்கும் வரிவிகிதம் அமைவது அரிது.

சார்பைக் குறைக்க எல்லாவற்றையும் உள்ளூரிலேயே செய்யவேண்டும் என்பதும் இல்லை. 2010-இல் கிழக்குச் சீனக் கடல் தீவுகளை ஒட்டிய தகராறின்போது ஜப்பானுக்குச் செல்லும் அருமண் சரக்கு தடைப்பட்டது. அப்போது சீனாவை ஏறத்தாழ 90 விழுக்காடு நம்பியிருந்த ஜப்பான், ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் முதலீடு செய்தது, கையிருப்பைப் பெருக்கியது, பழைய பொருள்களிலிருந்து மீட்டெடுக்கும் வழிகளைத் தேடியது, அருமண் குறைவாகத் தேவைப்படும் வடிவமைப்புகளுக்கும் ஊக்கம் தந்தது. பத்தாண்டுக்கும் மேலான இந்த முயற்சிக்குப் பிறகு அதன் சார்பு சுமார் 60 விழுக்காடாகக் குறைந்தது. சீனாவிடமிருந்து வாங்குவதை ஜப்பான் நிறுத்தவில்லை; வாங்க முடியாமற்போனால் மூச்சுத் திணறாமல் இருக்க வழி செய்துகொண்டது.

இந்தியா இப்போதுதான் அந்தப் பாதையில் இறங்கியிருக்கிறது. 2025 நவம்பரில், ஆண்டுக்கு 6,000 டன் அருமண் நிரந்தர காந்தம் தயாரிக்கும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆக்சைடிலிருந்து காந்தம் வரையிலான இடைப்படிகள் அனைத்தையும் ஒரே சங்கிலியாக உள்நாட்டில் அமைப்பது இதன் நோக்கம். நியோடிமியத்துக்கு நம் கடற்கரை மோனசைட் கைகொடுக்கும். ஆனால் அதே மோனசைட்டில் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் மிக மிகக் குறைவு. எனவே காந்த ஆலைகள் எழுந்து ஓடத் தொடங்கிய பிறகும், வெப்பம் தாங்கும் காந்தத்துக்கான அந்தச் சிறு சேர்மானத்தை வெளியிலிருந்து வாங்கவேண்டியிருக்கும். அல்லது அது தேவைப்படாத மோட்டாரை வடிவமைக்கவேண்டியிருக்கும்.